இயக்கலாகாது

சாளரங்களைத் திறவாது ஊர்தியை இயக்கலாகாது.

இந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது. எதிர்மறை வினையெச்சம் தனக்குரிய முடிக்கும் சொல்லை முறையாகக் கொண்டு முடிந்திருக்கிறது. இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டைத் தந்திருக்கின்றன. சன்னலைத் திறக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது என்பது பொருள். இலக்கணத் தேர்வில் இதை எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் இதை எழுதி, ஊரிலுள்ள வண்டிகளில் எல்லாம் ஒட்டச் செய்த அதிகாரிக்கு என்ன கொடுப்பது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அந்த அறிவிப்பு சுகாதார அலுவலகத்திலிருந்து அச்சகத்துக்கு வந்தபோது மருந்துக்கடை தவிர மற்றக் கடைகள் எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன. அரசு அறிவிப்புகளை அச்சிட வேண்டியிருந்ததால் அச்சகம் மட்டும் பாதிக் கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு இயங்கியது. அறிவிப்பில் விதிகள் ஏராளமாக இருந்தன. பயணியின் காலணிக்குக் கிருமிநாசினி தெளித்தல் வேண்டும். கைப்பிடியைத் துடைத்தல் வேண்டும். பயணியின் பையைத் துடையாது உள்ளே வைத்தல் தகாது. நாணயங்களை நேரே கையில் வாங்குதல் தவிர்க்கப்படல் வேண்டும். சாளரத்தைப் பற்றிய விதி, பைக்கும் நாணயத்துக்கும் நடுவே, மற்றவற்றின் அளவிலேயே, மற்றவற்றின் மையிலேயே நின்றிருந்தது. எது உயிரைக் காப்பது, எது மனத்தைத் தேற்றுவது என்று கண்ணுக்குக் காட்டும் கோடு ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவளுக்கு ஒற்றம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் விட்டுப்போன ஒற்றைப் போடாமல் அவள் கீழே வைத்ததில்லை. அறிவிப்பைச் சிவப்புப் பேனாவும் கையுமாக வாசித்தாள். பேனாவுக்கு வேலையே இல்லை. நெடுநாளைக்குப் பிறகு சுத்தமான பிரதி ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்று மகிழ்ந்து, மூலையில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவளுடைய கணவர் ஒரு காலத்தில் கைப்பந்தாட்ட நடுவராக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் இப்போதும் அவர் நடுவர்தான். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள டயாலிசிஸ் பிரிவுக்குப் போய்வந்தார். அவரைப் போன்றவர்களை அழைத்துப் போக மருத்துவமனையே ஒரு வேனை அனுப்பியது. அவசர வேலைக்குப் போகிறவர்களுக்கான சில பேருந்துகளைத் தவிர வேறு வண்டி எதுவும் தெருவில் ஓடவில்லை.

அந்தப் பிரிவின் செவிலி தொடக்கத்திலேயே ஒற்றம்மாவைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தாள். "அம்மா, உங்களைப் பயமுறுத்தச் சொல்லலை. இவங்களுக்கு அந்த நோய் வந்தா நாங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கத்தான் முடியும். இது மூச்சுக் காத்துல பரவுறது. மூடின இடத்துல மத்தவங்களோட உக்கார விடாதீங்க. காத்து வரணும், மூக்கை மூடணும், இருமுறவங்க தள்ளி இருக்கணும். இந்த மூணையும் பார்த்துக்கோங்க. மத்ததெல்லாம் நேரம் இருந்தா செய்யுங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அச்சம் ஒரு விருந்தாளியைப் போல் வந்து தங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால், அது எந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்று அவளுடைய காது தானாகவே பின்தொடரும். கணவர் தொண்டையைச் செருமினால், அடுத்த செருமல் வருகிறதா என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரு பிற்பகல் நடுவர் சிகிச்சை முடிந்து திரும்பினார். உடைகளை வாளியில் போட்டுவிட்டுக் குளித்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரலில் உற்சாகம் இருந்தது.

"நம்ம டிரைவர் மாதிரி ஒரு ஆளைப் பார்க்க முடியாது. செருப்புக்கு மருந்து, பைக்கு மருந்து, கைப்பிடிக்கு மருந்து. விட்டா எனக்கே அடிச்சிருப்பாரு. நான்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"அடிக்கட்டுமே. நீங்களும் கொஞ்சம் சுத்தமாவீங்க."

"கிண்டலா? ஒரு விதியை விடமாட்டேங்கிறாரும்மா அந்த மனுஷன். ஜன்னலையெல்லாம்கூட இழுத்து இறுக்கி மூடிட்டாரு. கொசு நுழைய முடியாது."

ஒற்றம்மா கையிலிருந்த துண்டை மடிப்பதை நிறுத்தினாள்.

"மூடிட்டாரா?"

"ஆமா. அந்தத் தையல்காரம்மாவுக்குத்தான் பாவம், உள்ள புழுங்குது போல. வழி முழுக்க இருமிக்கிட்டே வந்தாங்க. எனக்கு முன் சீட்டு."

"ஏங்க மூடினாரு? யார் மூடச் சொன்னது?"

"வண்டியிலதான் எழுதி ஒட்டியிருக்கே. சாளரங்களைத் திறவாது ஊர்தியை இயக்கலாம்."

"இயக்கலாமா, இயக்கலாகாதா?"

"ஏதோ ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதானே?"

பத்திரிகை வாசிக்கத் தெரிந்த, ஆயுள் முழுதும் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்ன மனிதர் இவர். இவரே அந்த நீண்ட வினைமுற்றின் நடுவில் கால் இடறி விழுந்து, விழுந்த இடத்தையே வீடென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அடைத்த வண்டிக்குள், இருமுகிறவளுக்குப் பின் இருக்கையில், தம் பக்கம் ஒரு குறையும் இல்லை என்ற திருப்தியோடு உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"அது என் கையால போன வாக்கியங்க" என்றாள். தொலைபேசியை எடுத்தாள்.

வேன் ஓட்டுநர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்கக்கா. சார் பத்திரமா மேல ஏறிட்டாருல்ல?"

"ஏறிட்டாரு தம்பி. வண்டியில ஜன்னலை ஏன் மூடி வைக்கிறீங்க?"

"சட்டம்க்கா. முன்னாடி ஒட்டியிருக்குதே."

"அதைக் கொஞ்சம் எனக்குப் படிச்சுக் காட்டுங்களேன்."

அவர் வண்டிக் கதவைத் திறந்து ஏறும் ஓசை கேட்டது. எழுத்துக் கூட்டாமல் தெளிவாகவே வாசித்தார். "சாளரங்களைத் திறவாது ஊர்தியை இயக்கல்..." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆகாது."

"அப்படின்னா என்ன?"

"ஜன்னலைத் திறக்காம வண்டியை ஓட்டு, திறந்தா ஆகாது. இதுல என்னக்கா இருக்கு? எனக்கும் எங்க மாமியாருக்கும் ஆகாதுன்னு சொல்றதில்லையா? அந்த ஆகாதுதான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "இல்ல தம்பி. திறக்காம ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"திறக்காம ஓட்டக் கூடாதா, திறந்து ஓட்டக் கூடாதா? அக்கா, குழப்பாதீங்க. கிருமி வெளிய சுத்திக்கிட்டு இருக்கு. திருடன் தெருவுல சுத்தும்போது எவனாவது கதவைத் திறந்து போடுவானா? செக்கிங்குக்கு வந்த ஆபீசரே வண்டியைப் பார்த்துட்டு சபாஷ்னு சொன்னாரு. செருப்புக்கு மருந்து அடிக்கிறேனான்னு குனிஞ்சு பார்த்தாரு. ஜன்னலைப் பத்தி அவரு வாயே திறக்கலை. நீங்க சொல்றீங்கன்னு நான் திறந்து, நாளைக்கு எவனாவது மாட்டிவிட்டா என் வேலை போயிடும்."

ஓட்டுநர் படிக்காதவர் அல்லர், அலட்சியக்காரரும் அல்லர். அந்த வாக்கியத்தை வாசித்தது அவருடைய கண் அன்று, அவருடைய அச்சம். அச்சத்துக்குக் கதவை மூடத்தான் தெரியும். 'திறவாது' என்ற சொல்லைக் கண்டதும், தான் நினைத்ததையே அரசும் சொல்லிவிட்டது என்று நிம்மதியடைந்து, அதற்குப் பின்னால் வரும் எதையும் அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதுகிறவன் இதையல்லவா முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்?

மறுநாள் காலையில் அவள் சுகாதார அலுவலகத்தின் அறிவிப்பு அதிகாரியை அழைத்தாள். பல கைகள் மாறிய பிறகு அவர் கிடைத்தார்.

"ஒரு நிமிஷம் அம்மா, கதவைச் சாத்திட்டு வந்துடறேன். குழுக் கூட்டம் நடக்குது. குளிர் வெளிய போகுது." கதவு சாத்தப்பட்டது. "சொல்லுங்க. வாக்கியத்துல என்ன பிழை?"

"பிழை எதுவும் இல்லைங்க ஐயா."

"அப்புறம்?"

"டிரைவர்கள் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு ஜன்னலை மூடிட்டு ஓட்டுறாங்க. ஒரு வண்டியில நானே கேட்டுட்டேன். மத்த வண்டியிலயும் அப்படித்தான் இருக்கும்."

"இரண்டு எதிர்மறை சேர்ந்தா ஓர் உடன்பாடு. இது பள்ளிக்கூடத்துப் பாடம். புரிஞ்சுக்காதது அவங்க குற்றம். நாம மொழியைத் தாழ்த்திக்கிட்டே போனா கடைசியில படம் போட்டுத்தான் காட்டணும்."

"படம் போட்டுக் காட்டினாலும் நல்லதுதாங்க ஐயா."

"என்னம்மா, நீங்களே இப்படிப் பேசலாமா? உங்க கையெழுத்துதானே மூலையில இருக்கு?"

"ஆமாங்க. படிக்கிறவங்களுக்குன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டேன். இது பயந்தவங்களுக்கு எழுதினது. அவங்க முதல் சொல்லைத் தாண்ட மாட்டேங்கிறாங்க. ஜன்னல் விஷயத்தை மட்டும் மேல எடுத்து, பெருசா, நேராப் போட்டுடுங்களேன். மத்தது கீழ சின்னதா இருக்கட்டும்."

"எல்லா விதியும் முக்கியம்தான். ஒண்ணைப் பெருசாக்கினா மத்ததை விட்டுடுவாங்க."

"மத்தது எல்லாத்தையும் செய்றாங்க ஐயா. அதை ஒண்ணைத்தான் விட்டுட்டாங்க."

அவருக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. "குழுவுல வைக்கிறேன்" என்றார். "ஆனா மறுபதிப்புன்னா ஒப்புதல் எல்லாம் வாங்கணும். அதுவரைக்கும் இருக்கிறது இருக்கட்டும்."

இருக்கிறது இருந்தால் தன் கணவர் இருக்கமாட்டார் என்பதை அவரிடம் எந்த வேற்றுமை உருபைச் சேர்த்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சிகிச்சை நாளில் நடுவரோடு அவளும் கீழே இறங்கி வந்தாள். வேன் வந்து நின்றது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளிருந்தவர்களின் மூச்சே அவற்றில் வெண்மையாகப் படிந்திருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, பக்தியோடு நடுவரின் காலணிக்கு மருந்து தெளித்தார்.

கதவு திறந்ததும் சூடான, பழைய காற்று முகத்தில் வந்து மோதியது. முன் இருக்கையில் தையல்காரம்மா சாய்ந்திருந்தார். முகக்கவசம் மூக்குக்குக் கீழே தாடையில் தொங்கியது. அவர் இருமினார். நெஞ்சின் அடியிலிருந்து எதையோ பெயர்த்து எடுப்பது போன்ற இருமல். அடுத்த இருக்கையில், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு கைகளிலும் உறை மாட்டிக்கொண்டு பையை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, ஜன்னலைத் திறங்க" என்றாள் ஒற்றம்மா.

"அக்கா, மறுபடியுமா?"

"யாரும்மா அது ஜன்னலைத் திறக்கச் சொல்றது?" என்றார் காசாளர். "வெளியில இருக்கிற காத்துலதானே கிருமி? உள்ள இருக்கிறது நாம மட்டும்தானே?"

"நாமதாங்க ஆபத்து. உள்ள யாருக்காவது இருந்தா, மூடின வண்டியில எல்லாருக்கும் போயிடும்."

தையல்காரம்மா தலையை நிமிர்த்தினார். "என்னைத்தானே சொல்ற? நேராச் சொல்லேன். எனக்கு இது துணிப்பொடி இருமல். ஆயுசுக்கும் இருமிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ எந்தக் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாலும் இருமிக்கிட்டேதான் தைச்சுக் கொடுத்தேன்."

"உங்களைச் சொல்லலைக்கா. துணிப்பொடியா இருந்தாலும் காத்து வந்தா உங்களுக்கும் நல்லதுதானே? அந்த முகக்கவசத்தையாவது மூக்குக்கு மேல ஏத்திக்கோங்களேன்."

"மூச்சு முட்டுதும்மா. ஜன்னலும் மூடி, மூக்கையும் மூடினா நான் இங்கயே போய்ச் சேர வேண்டியதுதான்."

"அதனாலதான் திறக்கச் சொல்றேன்!"

"திறந்தா குளிரும்" என்றார் காசாளர். "தூசி வரும். எழுதி ஒட்டினதைப் படிங்கம்மா. திறவாதுன்னு போட்டிருக்கு. படிச்சவங்கதானே நீங்க?"

அவள் அந்தத் தாளை நோக்கினாள். தன் கண்ணைத் தாண்டிப் போன ஒவ்வோர் எழுத்தும் அங்கே ஒழுங்காக அணிவகுத்து நின்றது. பிழையற்ற தாள். அதன் கீழே, மூடிய கண்ணாடியில் படிந்த மூச்சுநீர் ஒன்றோடொன்று கலந்து வழிந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தப்பினால் நடுவரின் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருடைய பாதங்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. போகாமல் இருந்தால் உடலுக்குள் இருக்கும் நஞ்சு கொல்லும், போனால் வண்டிக்குள் இருக்கும் காற்று கொல்லக்கூடும். இரண்டுக்கும் நடுவே கணவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்.

"என்னங்க..." என்றாள்.

"ஆட்டத்தை நிறுத்த முடியாதும்மா" என்று சொல்லி நடுவர் ஏறிக்கொண்டார். கதவு மூடியது. மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகம் எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கிருந்து அவள் நேரே அச்சகத்துக்குப் போனாள். அதன் முதலாளி இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய எழுத்துல ஒரு வரி அடிச்சுத் தாங்க. எல்லா வண்டியிலயும் ஒட்டணும்."

என்ன வரி என்று கேட்டுக்கொண்ட அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "அரசு முத்திரை இல்லாம ஒட்டினா கிழிச்சுப் போட்டுட்டு நம்மளையும் உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. வேணாம் ஒற்றம்மா."

அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அடுக்கி வைத்திருந்த பழைய கட்டுகளின் மேல், ஒரு பாடநூலுக்காக அடித்து மிஞ்சிய பிழைதிருத்தச் சீட்டுகள் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சில் பிழை நேர்ந்துவிட்டால் அதைத் திருத்தி ஒட்டும் சீட்டை அச்சகமே அடித்து அனுப்பலாம். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்.

"பிழைதிருத்தம் போடலாம்" என்றாள்.

"எதுக்கு? அதுல பிழையே இல்லையே?"

"இருக்குன்னு போடுவோம்."

முதலாளி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டார். "யாரோட பிழைன்னு?"

"என்னோடதுன்னு. மெய்ப்புப் பார்த்ததுல கவனக்குறைவுன்னு போடுங்க. கீழ என் கையெழுத்து இருக்கட்டும்."

"ஒற்றம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வாயால தப்புன்னு வந்து நான் கேட்டதே இல்லை. இல்லாத தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவன் உங்ககிட்ட பிரதியைக் கொடுப்பான்? அந்த ஆபீசரு சும்மா இருப்பாரா?"

"இருக்க மாட்டாரு."

அவள் தாளை எடுத்து எழுதினாள். சரியான வாக்கியம் ஒன்றைத் தவறு என்று அவளுடைய கை அன்றுவரை எழுதியதில்லை. பேனா முதலில் நகர மறுத்தது. மங்கிய கண்ணாடியையும் அந்த இருமலையும் நினைத்துக்கொண்டாள். பேனா நகர்ந்தது.

பிழைதிருத்தம். சாளரங்களைப் பற்றிய வரி எங்கள் கவனக்குறைவால் பிழையாக அச்சாகிவிட்டது. அதைப் பின்வருமாறு திருத்திக்கொள்க: சன்னலைத் திறந்தே வண்டி ஓட்டுங்கள். இதுவே முதல் விதி. மூக்கை மூடுங்கள். இருமல் உள்ளவரைத் தனி வண்டியில் அனுப்புங்கள். மற்றவை பிறகு.

முதலாளி வாசித்தார். "இதுவே முதல் விதின்னு மூலத்துல இல்லையே?"

"விடுபட்டுப் போச்சு."

"மூக்கு, தனி வண்டி?"

"அதுவும் விடுபட்டுப் போச்சு."

"அடேயப்பா, பெரிய கவனக்குறைவுதான்" என்றார் முதலாளி. அவரால் சிரிக்க முடியவில்லை. அவருடைய மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தினமும் பேருந்தில்தான் போய்வந்தாள். அன்று காலையில் அவளே சொல்லியிருந்தாள், கண்ணாடிகளை எல்லாம் மூடிவிட்டார்கள், இப்போது பாதுகாப்பாக இருக்கிறது என்று. அது முதலாளிக்கு இப்போதுதான் நினைவில் தைத்தது. கையிருப்பில் இருந்த மிகப் பெரிய எழுத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

சீட்டுகள் வழக்கமான கட்டுகளாகப் பேருந்துப் பணிமனைகளுக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தன. மருத்துவமனை அலுவலகத்தில் உடனே ஒட்டச் சொல்லிவிட்டார்கள். மாலையில் ஓட்டுநரே அழைத்தார்.

"அக்கா, தப்பு அச்சுல இருந்திருக்கு பார்த்தீங்களா? நான் சரியாத்தான் படிச்சேன்."

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க தம்பி. ஜன்னலைத் திறந்துட்டீங்களா?"

"எல்லாத்தையும் திறந்துட்டேன். கண்ணாடியைத் தள்ளும்போதுதான் தெரியுது, உள்ள என்ன நாத்தம்."

அறிவிப்பு அதிகாரியும் அழைத்தார். "என் வாக்கியத்துல பிழைன்னு ஊர் முழுக்க ஒட்டியிருக்கீங்க" என்றார். பிழை தன்னுடையது என்றுதானே போட்டிருக்கிறது என்று அவள் மெல்லச் சொன்னாள். இனி தம் அலுவலகத்தின் பிரதி எதுவும் அவள் கைக்கு வராது என்று அவர் சொன்னபோது, சரிங்க ஐயா என்றாள். சீட்டுகளைத் திரும்பப் பெறுவது பற்றிக் குழுவில் பேச வேண்டியிருக்கிறது, ஆனால் குழு கூட முடியவில்லை, பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றும் அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இலக்கணம் இல்லை, அச்சம் மட்டுமே இருந்தது.

அடுத்த முறை வேன் வந்தபோது கண்ணாடிகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே காற்று புகுந்து புறப்பட்டது. காசாளர் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கியிருந்தார். முன் இருக்கை வெறுமையாக இருந்தது.

"தையல்காரம்மா வரலையா?" என்று நடுவர் கேட்டார்.

ஓட்டுநர் மருந்துக் குப்பியைக் கையில் வைத்திருந்தார். ஆனால் யார் காலணிக்கும் தெளிக்கவில்லை. "நேத்தே சேர்த்துட்டாங்க சார். அதுதானாம். ஆக்ஸிஜன் வைச்சிருக்காங்களாம்." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வண்டியில வந்த எல்லாருக்கும் இன்னிக்கு டெஸ்ட் எடுக்கணுமாம். எனக்கும்தான்."

காசாளரின் உறையிட்ட விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. நடுவர் மனைவியின் பக்கம் திரும்பிப் புன்னகை செய்ய முயன்றார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டுமே தெரிந்தன. அவை புன்னகை செய்யவில்லை.

வண்டி போன பிறகு வீட்டுக்குள் அவளால் இருக்கவும் முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். அவர் படுக்கும் கட்டிலின் உறையை மாற்றினாள். அவர் அந்த அடைத்த வண்டியில் எத்தனை முறை உட்கார்ந்து வந்தார், அவர் மூச்சை உள்ளே இழுத்த கணமும் தையல்காரம்மா இருமிய கணமும் எத்தனை முறை ஒன்றாக இருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. சீட்டு ஒட்டியாயிற்று, சன்னல் திறந்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே உள்ளே போன மூச்சுக்கு எந்தச் சீட்டை ஒட்டுவது?

தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"இந்தாம்மா, நான்தான். ரிசல்ட் வந்துடுச்சு. நெகட்டிவ்."

எதிர்மறை. இல்லை என்பது. எது இல்லை? நோய் இல்லையா, நம்பிக்கை இல்லையா? அந்தச் சொல்லை எத்தனையோ மெய்ப்புகளில் திருத்தியவள் அவள். இப்போது அது ஓசையாக மட்டுமே காதில் நின்றது, பொருளாக மாறி உள்ளே போகவில்லை.

"நெகட்டிவ்னா... நல்லதாங்க, கெட்டதா?"

"ஏம்மா, நீ கேக்கிற கேள்வியா இது?"

"எனக்குப் புரியலை. புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் புரிந்துகொண்டார். குரல் இறங்கியது. "வீட்டுக்கு வர்றேன்."

அவர் தொடர்ந்து பேசினார். காசாளருக்கு இருக்கிறதாம், அங்கேயே வைத்துக்கொண்டுவிட்டார்களாம். ஓட்டுநருக்கு இல்லை. அவள் கீழே வந்து வழியனுப்பிய அன்று, வேன் தெரு திரும்பியதும் பூச்சி கடித்ததென்று பொய் சொல்லித் தம் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை தள்ளி வைத்ததாகவும், அதனால்தானோ என்னவோ யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

"ஆனா இப்பவே நம்பிட வேணாம்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுது. உள்ள இருந்தா தெரியறதுக்கு நாளாகுமாம். மறுபடி எடுப்பாங்களாம். அதுவரைக்கும் நீ என் பக்கத்துல வராத."

"சரிங்க" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவருடைய கட்டிலை அறையின் சன்னலோரம் இழுத்துப் போட்டாள். தன் பாயை வெளிக்கூடத்தில் விரித்தாள். வீட்டில் இருந்த சன்னல்களை எல்லாம், துருப்பிடித்து மாட்டிக்கொண்ட சமையலறைச் சன்னல் உட்பட, தோளால் முட்டித் திறந்தாள். காற்று திரைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் ஓசையும், எங்கோ தொலைவில் ஆம்புலன்ஸ் ஒலியும் சேர்ந்து வந்தன. அது எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அது திரும்பாமல் போய்விட்டது.

பிறகு வேன் தெருமுனையில் திரும்பும் ஒலி கேட்டது. கதவு தள்ளப்படும் ஒலி கேட்டது. அதைத் தொடர்ந்து யாரோ ஒருமுறை இருமினார்கள். ஓட்டுநரா, அவரா என்று மேலிருந்து தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள். படிக்கட்டில் காலடி ஓசை மட்டும் மெல்ல ஏறி வந்தது. அவள் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்றாள்.